வைட் சாக்ஸ் தோற்றால் அழும் பையனுக்கு

சிகாகோவுக்குக் குடிவந்த பிறகு உங்கள் பையன் அந்த ஊர் பேஸ்பால் அணியான வைட் சாக்ஸ் தோற்கும்போதெல்லாம் அழுகிறான், அதே ஊரின் இன்னொரு அணியான கப்ஸ் பக்கம் திருப்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் சார். வைட் சாக்ஸுக்கு 2024இல் 162 ஆட்டத்தில் 121 தோல்வி, அதில் தொடர்ச்சியாக 21. வயிற்றெரிச்சல்தான். ஆனால் அந்த கப்ஸே 1908க்கு அப்புறம் 2016இல்தான் கோப்பையைத் தொட்டது. அதுவும் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், மழைக்கு 17 நிமிடம் நிறுத்தி, பத்தாவது இன்னிங்ஸில் 8-7! வைட் சாக்ஸும் 88 வருடம் காத்திருந்து 2005இல் வென்ற அணிதான்.

அடுத்த ஆட்டத்துக்கு ஸ்கோர் அட்டையும் பென்சிலும் கொடுத்து உட்கார வையுங்கள். ஸ்ட்ரைக்-அவுட்டுக்கு, அதாவது மட்டை பிடிப்பவர் மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்டாவதற்கு, ஆங்கில ‘கே’ (K) எழுத்து. மட்டையை வீசாமல் நின்றே அவுட்டானால் அதைத் திருப்பிப் போட வேண்டும். என் மகள் அந்தத் திருப்பின ‘கே’ எப்போது வரும் என்று பார்ப்பதிலேயே ஸ்கோரை மறந்துவிடுவாள்.