நடிப்புத் தெரியாத தோட்டத்து ஆட்களை வைத்துப் படம் எடுக்க எப்படிப் பயிற்சி கொடுப்பது?

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பெப்ரவரி கடைசியில் 18 நாள் படப்பிடிப்பு, கையில் காசு குறைவு, முக்கிய வேடம் இரண்டுக்குக் கொழும்பு நாடக நடிகர்கள், மற்ற எல்லாவற்றுக்கும் "நடிப்புத் தெரியாத தோட்டத்து ஆட்கள்", அவர்களுக்கு இரண்டு வாரப் பயிற்சி போதுமா, பிறகு அவர்களுக்கு நடிப்பில் ஏதும் வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இது உங்கள் முதல் படம் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அந்த "நடிப்புத் தெரியாத" என்ற சொல்லை முதலில் எடுத்துவிடுங்கள். மன்மதன் எரிந்த கதையைத் தோட்டங்களில் ஆடுகிற காமன் கூத்தில் மன்மதனுக்கோ ரதிக்கோ வேடம் கட்டுகிற ஆள், விரதம் இருந்து, கூத்து மாஸ்டரிடம் பாட்டும் அடியும் படித்து, தப்பு மேளத்துக்கு விடிய விடிய ஆடுகிறவர். ரதியைப் பெரும்பாலும் ஆண்தான் கட்டுவார். மன்மதன் எரிந்த பிறகு அந்த ரதி புலம்புகிற புலம்பலுக்குக் களத்தைச் சுற்றி நிற்கிற பொம்பளைகள் முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுவார்கள். அருச்சுனன் தபசுக் கூத்தில் மரத்தில் ஏறிக்கொண்டே பாடுகிறவரின் மூச்சுக்கு எந்த நாடகப் பட்டறையில் பயிற்சி கொடுக்கிறார்கள்? எல்லாத் தோட்டத்திலும் கூத்து இல்லை, இளந்தாரிகள் கொழும்புக் கடைகளுக்குப் போய்விட்டார்கள், அது எனக்கும் தெரியும். ஆனால் கூத்து நின்றுபோன தோட்டத்தில்கூட ஒரு காலத்தில் வேடம் கட்டிய மாமா ஒருவர் இருப்பார். அவரைத் தேடிப் பிடிப்பதுதான் உங்கள் முதல் வேலை. கூத்து வேறு, சினிமா வேறு என்று கீழே யாராவது எழுதுவார்கள். வேறுதான். எங்கே வேறுபடுகிறது என்று தெரிந்தால்தான் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பது புரியும்.

வேறுபாடு அளவில். கூத்துக் குரல் மைதானத்தின் அந்தப் பக்கம் வரை போக வேண்டும். கமரா நாலடியில் நிற்கும், மைக் நெஞ்சில் இருக்கும். இங்கே எல்லாரும் செய்கிற பிழை, "கொஞ்சம் மெதுவாகப் பேசுங்க" என்று சொல்வது. அப்படிச் சொன்னால் குரலோடு சேர்ந்து உயிரும் இறங்கிவிடும். அதற்குப் பதிலாக ஆளுக்கும் ஆளுக்கும் உள்ள தூரத்தை மாற்றுங்கள். ஒரே வசனத்தை முதலில் களத்தின் மறுகரையில் நிற்கிறவருக்குச் சொல்ல வையுங்கள். பிறகு லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில் இருந்து பக்கத்து வீட்டு இஸ்தோப்புக்கு, பிறகு அடுப்படியில் எதிரே குந்தியிருக்கிறவருக்கு, கடைசியாகத் தொட்டிலில் பிள்ளை தூங்கும்போது பக்கத்தில் இருக்கிறவருக்கு. இந்த நாலு தூரத்துக்கும் பெயர் வைத்துவிட்டால் போதும். படப்பிடிப்பில் "அடுப்படி" என்று ஒரு சொல் சொன்னால் அவர் சரியாக இறங்கிவிடுவார். நாலைந்து மாலையில் இது கைவந்துவிடும்.

இரண்டாவது, முகம். கூத்தில் முகத்தைச் சபைக்குத் திருப்பியே பழக்கம், அதனால் கமரா இருக்கிற பக்கம் கழுத்து தானாகவே திரும்பும். "கமராவைப் பார்க்காதீங்க" என்றால் இன்னும் பார்ப்பார்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பொருளைக் கொடுங்கள்: கொதிக்கிற கேத்தல், சட்டையில் அவிழ்ந்த பொத்தான், எதிரில் இருப்பவரின் இடது காது. நிற்கிற இடத்துக்குத் தரையில் டேப் ஒட்டினால் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே நடப்பார்கள். கூத்து ஆடியவருக்கு அடிக் கணக்கில் சொல்லுங்கள். "எட்டு அடி, ஒன்பதில் திரும்புங்க" என்றால் பத்துத் தடவையும் அதே கல்லின்மேல் நிற்பார்.

ஆள் தேர்வுக்குக் கதைப் பிரதியைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லாதீர்கள். வயதானவர்களில் வாசிக்கச் சிரமப்படுகிறவர்கள் இருப்பார்கள், அந்த வெட்கத்தோடு எழுந்து போய்விட்டால் திரும்ப வரமாட்டார்கள். வேலை ஒன்றைக் கொடுங்கள்: ரொட்டிக்கு மா பிசையட்டும், விறகு கட்டட்டும். செய்துகொண்டே, போன தீபாவளிக்கு வீட்டில் நடந்ததைச் சொல்லட்டும். போன் கமராவை நாலடியில் வைத்துப் பத்து நிமிடம் எடுங்கள். முதல் மூன்று நிமிடம் கணக்கில்லை. அதற்குப் பிறகு இரண்டை மட்டும் பாருங்கள். பேசும்போது கை நிற்கிறதா? அடுத்தவர் பேசும்போது உண்மையாகக் கேட்கிறாரா, தன் முறைக்குக் காத்திருக்கிறாரா? கை நிற்காமல் பேசுகிறவரும், கேட்கத் தெரிந்தவரும் கிடைத்துவிட்டால் பாதிப் படம் முடிந்த மாதிரி. அழகையும் குரலையும் பிறகு பார்க்கலாம்.

இரண்டு வாரம் போதாது. எட்டு வாரம், வாரத்தில் இரண்டு மாலை, ஞாயிறு ஒரு அரை நாள் வையுங்கள். மலையிலிருந்து இறங்கி, பீலியில் தண்ணீர் பிடித்து, உலை வைத்த பிறகுதான் பெண்களால் வர முடியும். ஆறரைக்கு முன் கூப்பிட்டால் ஆண்கள் மட்டுமே வருவார்கள். பிள்ளைகளையும் கூட்டிவரச் சொல்லுங்கள், தேத்தண்ணியும் கடிக்க ஏதாவதும் இருக்கட்டும். முதல் இரண்டு வாரம் கமராவே வேண்டாம். மூன்றாம் வாரத்திலிருந்து கமரா, கிளாப், ஹெட்போன் போட்ட ஆள் எல்லாம் சும்மா சுற்றி நிற்கட்டும். வசனத்தை வாயால் சொல்லிக்கொடுத்து, அவர்கள் சொல்கிறபடி திருத்தி எழுதுங்கள். நீங்கள் "வேலைக்குப் போகிறேன்" என்று எழுதியிருப்பீர்கள், அந்த அக்கா "மலைக்குப் போறேன்" என்பார். அவர் சொல்வதுதான் சரி. சென்னைப் படத்துப் பேச்சையும் யாழ்ப்பாணப் பேச்சையும் எங்கள் வாயில் திணித்து, நகைச்சுவை நாடகங்களில் வேலைக்காரப் பாத்திரத்துக்கு மட்டும் எங்கள் பேச்சைக் கொடுத்தது போதும்.

உண்மையில் கூடுதல் பயிற்சி வேண்டியது உங்கள் கொழும்பு நடிகர்கள் இருவருக்கும்தான். கொழுந்து எடுக்கிற கை தெரியாவிட்டால் முதல் காட்சியிலேயே அகப்பட்டுக்கொள்வார்கள். ரெண்டு இலையும் மொட்டும் விரலிடுக்கில் ஒடிய வேண்டும், நகத்தால் கிள்ளக்கூடாது. கை நிறைந்ததும் தோளுக்கு மேலால் பின்னால் போகும், கண் செடியை விட்டு அகலாது. புதிதாகப் பழகுகிறவர் கூடையைத் திரும்பிப் பார்ப்பார். அந்த ஒரு பார்வை போதும், தோட்டத்தில் பிறந்த எவரும் "இது பொய்" என்று சொல்லிவிடுவார். மூன்று வாரமாவது தினமும் ஒரு மணி நேரம் மலையில் நிறுத்துங்கள், சரிவில் கால் வைக்கவும் அட்டைக்குப் பதறாமல் இருக்கவும் அப்போதுதான் வரும். வெறும் கூடையைக் கொடுத்து நிறைந்ததாக நடிக்கச் சொல்லாதீர்கள். கூடைக் கயிறு தலையில் இறங்குகிற பாரம் கழுத்து நரம்பில் தெரியும். அடியில் நனைத்த சாக்கைப் போட்டு எட்டுப் பத்துக் கிலோவுக்குக் கொண்டுவந்து, மேலே நாலு விரல் உயரத்துக்குக் கொழுந்தைப் பரப்புங்கள். வெயிலில் கொழுந்து சீக்கிரம் வாடும், மேல் பரப்பை அடிக்கடி மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஷாட்டில் நிறம் ஒட்டாது. இடுப்பில் கட்டுகிற படங்கு பிளாஸ்டிக்காக இருந்தால் மைக்கில் சரசரப்பு முழு வசனத்தையும் தின்றுவிடும். வசனக் காட்சிகளுக்குத் துணிச் சாக்குப் படங்கு கட்டுங்கள்.

படப்பிடிப்பில் நாலு டேக்குக்கு மேல் போக வேண்டாம். ஐந்தாவதில் உடம்பு விறைத்துவிடும். சரிவரவில்லை என்றால் வசனத்தை விட்டுவிட்டுக் கையில் இருக்கிற வேலையை மாற்றிப் பாருங்கள். அழுகிற காட்சியில் கிட்டத்து ஷாட்டை முதலில் எடுங்கள், தூரத்து ஷாட்டைப் பிறகு எடுக்கலாம்.

காசு விஷயம். ஒரு நாள் படப்பிடிப்புக்கு வந்தால் அன்று தோட்டத்தில் பேர் விழாது, அதாவது வேலை நாளாகப் பதியமாட்டார்கள். நாட்சம்பளம் மட்டுமா போகிறது? முதலாளி கட்டுகிற சேமலாப நிதி 12 சதவீதமும் நம்பிக்கை நிதி 3 சதவீதமும் சேர்ந்து போகிறது. நாட்சம்பளத்தில் இரண்டு மடங்காவது கொடுக்க முடியாவிட்டால் ஆட்களைக் குறைத்துக் கதையை மாற்றுங்கள். பயிற்சி மாலைகளுக்கும் காசு உண்டு. ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.

இனி எதிர்காலம். பொய் சொல்லாமல் சொன்னால், இந்த நாட்டில் தமிழ்ப் படத்தை நம்பி அடுப்பு எரியாது. 1948இல் வந்த இத்தாலியப் படமான "சைக்கிள் திருடர்கள்" உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அதன் நாயகன் லம்பேர்ட்டோ மஜ்ஜொரானி ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. படத்துக்குப் பிறகு அந்த வேலையும் நிலைக்கவில்லை, சினிமாவில் சின்னச் சின்ன வேடங்களே கிடைத்தன. 2015இல் கான் விழாவில் தங்கப் பனை வாங்கிய "தீபன்" படத்தின் நாயகன், எழுத்தாளர் ஷோபாசக்திக்கோ திரும்பிப் போக எழுத்து இருந்தது. ஆகவே உங்கள் நடிகர் யாரையும் வேலையை விடச் சொல்லாதீர்கள். படிக்கிற வயதுப் பிள்ளைகளுக்கு வழி உண்டு. உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் எடுத்தால் மட்டக்களப்புக் கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. மேடையோடு ஊர் ஊராகப் போகிற ஜனகரளிய குழுவில் சிங்கள, தமிழ் நடிகர்கள் சேர்ந்து நடிக்கிறார்கள். குரல் நல்லவர்களுக்கு வானொலி நாடகமும் டப்பிங்கும். எந்தக் கதவைத் தட்டவும் கையில் ஏதாவது வேண்டும். ஒவ்வொரு நடிகருக்கும் அவர் வருகிற இரண்டு நிமிடத்தை வெட்டிப் பெண்டிரைவில் கொடுங்கள். பெயர்ப் பட்டியலில் "தோட்ட மக்கள்" என்று ஒரு வரியில் முடிக்காமல் ஒவ்வொருவர் பெயரையும் போடுங்கள்.

வெளிநாட்டு விழாவுக்கு அழைப்பு வந்தால் சில வாரம்தான் அவகாசம் இருக்கும். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து என்று இருக்கிற ஆளுக்கு அந்த அவகாசத்தில் பாஸ்போர்ட் எடுக்க முடியாது. இதைப் பயிற்சி தொடங்கும்போதே பார்த்துத் திருத்தி வையுங்கள். ஆட்களுக்குச் செய்தி அனுப்பத் தபாலில் போகிற கடிதத்தை மட்டும் நம்ப வேண்டாம். லயத்துக்குத் தனி விலாசம் இல்லாத தோட்டங்கள் இன்னும் எத்தனையோ. தபால் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கே ஒரு மூலையில் கிடந்து, யாராவது நினைத்தால் கைக்கு வரும். நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு கடிதம் கிடைத்த பிள்ளைகள் எத்தனை பேர்! 200 வருடமாக ஒரே மலையில் இருக்கிற சனத்துக்கு வீட்டு நம்பர் போட்டுக்கொடுக்க இவ்வளவு காலமா? கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் தேதியைப் பற்றி. ஜனவரி முதல் மார்ச் வரை மஸ்கெலியாவில் மழை குறைவு, அதைப் பார்த்துத்தான் பெப்ரவரி கடைசி என்று வைத்திருப்பீர்கள். மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றுவார்கள், அதற்குப் பிறகு ஏறத்தாழ இரண்டு வாரம் வேடக்காரர்கள் விரதத்தில் இருப்பார்கள், இரவில் ஆடுவார்கள். பகலில் அவர்களை உங்கள் படத்துக்கு இழுக்க வேண்டாம். பஞ்சாங்கத்தைப் பார்த்து, அவர்களுடைய காட்சிகளைப் பிறை காணும் முன்பே முடித்துவிடுங்கள், முடியாவிட்டால் பௌர்ணமிக்குப் பிறகு வையுங்கள். மார்ச் கடைசிக்குத் தள்ளிவிடவும் வேண்டாம், அப்போது கொழுந்து பெருகும், கூடுதலாக எடுக்கிற கிலோவுக்குக் கிடைக்கிற காசை விட்டுவிட்டுப் பெண்கள் வரமாட்டார்கள்.