நாலடித் தொட்டிக்கு இரண்டு கேனிஸ்டர் ஃபில்டர் தேவையா?

நாலடி மீன் தொட்டி, இரண்டு ஆஸ்கர் மீன்கள், ஏற்கெனவே ஒரு கேனிஸ்டர் ஃபில்டர், அதாவது தொட்டிக்கு வெளியே நின்று குழாய் வழியாகத் தண்ணீரை இழுத்து வடிகட்டித் திருப்பி அனுப்பும் மூடிய டப்பா. இன்னொன்று சேர்த்தால் தண்ணீர் இரண்டு மடங்கு சுத்தமாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. ஆனாலும் சேருங்கள் என்றுதான் சொல்வேன். என் வீட்டிலும் இதே தொட்டி, இதே மீன்கள்தான்.

மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை ஃபில்டருக்குள் இருக்கும் பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. எவ்வளவு அமோனியா கிடைக்கிறதோ அவ்வளவுதான் அவை பெருகும். ஃபில்டரைக் கூட்டினால் அதே கூட்டம் இரண்டு வீடுகளில் பிரிந்து குடியிருக்கும், அவ்வளவே. நைட்ரேட் தண்ணீரிலேயே தங்கிவிடும். அதனால் வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றும் வேலையிலிருந்து உங்களுக்கு விடுதலை இல்லை.

உண்மையான லாபம் கழுவும் நாளில் தெரியும். ஒரே ஃபில்டர் வைத்திருந்த காலத்தில், பளிச்சென்று இருக்கட்டுமே என்று ஸ்பாஞ்ச், பாக்டீரியாக்கள் குடியிருக்கும் செராமிக் ரிங் எல்லாவற்றையும் குழாயடியில் வைத்துத் தேய்த்துக் கழுவினேன். குளோரின் கலந்த தண்ணீர், பாக்டீரியாக்கள் செத்துப்போயின. மறுநாளே தொட்டி கஞ்சித் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது; மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இப்போது இந்த மாதம் இடதுபக்க ஃபில்டர், அடுத்த மாதம் வலதுபக்கம். அதுவும் தொட்டியிலிருந்து எடுத்த ஒரு வாளித் தண்ணீரில் ஸ்பாஞ்சைப் பிழிவதோடு சரி. ஒன்றில் கை வைக்கும்போது மற்றது தொந்தரவில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கும். மோட்டார் திடீரென்று நின்றாலும் அப்படித்தான். புதிய இம்பெல்லர் (மோட்டாரில் தண்ணீரைத் தள்ளும் சிறு விசிறி) வாங்கி மாட்டும் வரை தாங்கும்.

கரண்ட் போனால் மட்டும் இந்தக் கணக்கு பலிக்காது, இரண்டும் சேர்ந்தே நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. மூடிய டப்பாவுக்குள் ஆக்சிஜன் சில மணி நேரத்தில் தீர்ந்து, பாக்டீரியாக்கள் செத்து, உள்ளே தண்ணீர் அழுகிவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. நள்ளிரவில் கரண்ட் வந்ததும் ஃபில்டர் தானாக ஓடி, அந்தச் சாக்கடையை அப்படியே தொட்டிக்குள் தள்ளிவிட்டது. காலையில் அழுகிய முட்டை நாற்றம், பெரிய ஆஸ்கர் மிதந்துகொண்டிருந்தது. இப்போது ஒரு ஃபில்டரை இன்வர்ட்டர் லைனில் போட்டிருக்கிறேன். இன்வர்ட்டரும் தீர்ந்துவிட்டால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரிங்குகளை வலைப்பையோடு தொட்டிக்குள்ளேயே இறக்கிவிடுவேன். பக்கத்தில் பேட்டரி ஏர் பம்ப் ஓடும்.

மாட்டும்போது ஒன்றின் வெளிக்குழாயை இன்னொன்றின் உள்குழாயில் சேர்க்காதீர்கள். சிலர் செய்கிறார்கள். ஒன்று அடைத்தால் இரண்டும் முடங்கும். தனித்தனிக் குழாய், தனித்தனி பிளக். ஒன்றின் தண்ணீர் விழும் இடத்தில் மற்றதன் உறிஞ்சு குழாய் இருந்தால் குமிழிகளை இழுத்துக்கொண்டு ராத்திரி முழுக்கக் கடகடவென்று சத்தம் போடும். ஸ்ப்ரே பாரை, அதாவது தண்ணீர் திரும்பி வரும் துளைபோட்ட குழாயை, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே வையுங்கள். சென்னை வெயிலில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும், சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு.

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பி வாங்காதீர்கள். அது உள்ளே எதுவும் நிரப்பாத காலி ஃபில்டரின் வேகம். என்னுடையதில் மணிக்கு 1400 லிட்டர் என்று இருக்கிறது. வெளிக்குழாயை 10 லிட்டர் வாளியில் விட்டுக் கைப்பேசியில் நேரம் பார்த்தேன்: 45 விநாடி. அதாவது மணிக்கு 800 லிட்டர். ஆஸ்கருக்கு இரண்டு ஃபில்டரின் ஓட்டம் பிரச்சினை இல்லை. வேகமான ஓட்டம் ஒத்துக்கொள்ளாத ஏஞ்சல், ஃபைட்டர் மீன்களை வளர்ப்பவர்கள் யோசித்துச் செய்யட்டும்.

செலவு என்று பார்த்தால் 35 வாட் மோட்டார் இரண்டு மாத பில்லில் 50 யூனிட் கூட்டும். அப்புறம் ஒன்று, புதியதை மாட்டிய உடனே பழையதைத் திறந்து கழுவிவிடாதீர்கள். பழைய ரிங்குகளில் ஒரு பிடியை எடுத்துப் புதியதில் போட்டு, ஆறு வாரம் இரண்டையும் சேர்த்து ஓட விடுங்கள்.