பார்சல் லாரிக்குச் சாவி வாங்கும் முன்: வாசகர் கேள்வி – பதில்

ராமநாதபுரம் கடலோரத்திலிருந்து லைன் ஹால் வேலை பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொண்டோம். ஒரு ஹப்பில் (பார்சல்களைப் பிரித்து அனுப்பும் கிடங்கு) லோடு ஏற்றி சீல் வைத்த வண்டியைக் குறித்த நேரத்துக்குள் அடுத்த ஹப்பில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் லைன் ஹால். வீடு வீடாகப் பார்சல் கொடுப்பது வேறு வேலை.

விசைப்படகில் வேலை செய்கிறேன். மீன்பிடித் தடைக்காலத்தில் பார்சல் லாரி ஓட்டலாம் என்று எண்ணம். கார் லைசென்ஸ் இருக்கிறது. போதுமா?
– வாசகர், தங்கச்சிமடம்

எந்த வண்டி என்பதைப் பொறுத்தது. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸிலேயே ஓட்டலாம். 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் உறுதி செய்துவிட்டது. 7,500 கிலோ என்பது வண்டியும் சரக்கும் சேர்ந்த எடை. 14 அடி வண்டிகளில் பெரும்பாலானவை இதற்குள் அடங்கும். 17 அடி என்றால் ஆர்.சி.யில் லேடன் வெயிட் (சரக்கோடு சேர்த்த மொத்த எடை) என்ன போட்டிருக்கிறது என்று பார்க்காமல் சாவியைத் தொடாதீர்கள். மதுரையிலிருந்து ராமநாதபுரம், ராமேஸ்வரம் பக்கம் வரும் சின்ன வண்டிகளுக்கு உங்கள் லைசென்ஸ் போதும்.

32 அடி கண்டெய்னர் ஓட்ட ஹெவி லைசென்ஸ் வேண்டும். 20 வயது நிரம்பி, எல்.எம்.வி. எடுத்து ஓராண்டு ஆகியிருந்தால்தான் எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) கிடைக்கும். மருத்துவரிடம் உடல்தகுதிச் சான்று (படிவம் 1ஏ), டிரைவிங் ஸ்கூலில் பயிற்சிச் சான்று (படிவம் 5) வாங்க வேண்டும். எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட். ஏப்ரல் 15-இல் படகைக் கட்டிவிட்டு அலைய ஆரம்பித்தால் தடைக்காலத்தின் 61 நாளில் பாதி இதிலேயே போய்விடும். பிப்ரவரியிலேயே தொடங்குங்கள்.

பெரிய பார்சல் கம்பெனி பெயர் எழுதிய வண்டி. ஆனால் வேலைக்கு எடுப்பவர் ஒரு வெண்டர் (கம்பெனிக்கு வண்டி ஓட்டிக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர்). சம்பளத்தில் டீசல் ஷார்ட்டேஜ் என்று பிடிக்கிறார்களாம். என்ன பேசிக்கொண்டு சேர வேண்டும்?
– வாசகர், பரமக்குடி

வண்டியின் மேல் எந்தப் பெயர் இருந்தாலும் உங்கள் முதலாளி வெண்டர்தான். சம்பளம், பேட்டா, பிடித்தம் மூன்றையும் அவரிடம் எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜாக வந்தாலும் பரவாயில்லை. வாய்ப்பேச்சு மாதக் கடைசியில் நிற்காது.

டீசல் கணக்கு எப்படிக் கடிக்கிறது என்று பாருங்கள். மதுரை – ராமேஸ்வரம் போய்வர சுமார் 340 கி.மீ. லிட்டருக்கு 8 கி.மீ. என்று வெண்டர் கணக்கு வைத்தால் 42.5 லிட்டர் தருவார். வண்டி உண்மையில் 7.5 தான் கொடுக்கிறது என்றால் 45.3 லிட்டர் குடிக்கும். ட்ரிப்புக்கு 2.8 லிட்டர் குறைவு. லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் சுமார் 260 ரூபாய். மாதம் 25 ட்ரிப்புக்கு ஆறாயிரத்து ஐந்நூறு உங்கள் கையிலிருந்து போகும். டயரில் காற்றுக் குறைவு, லோடு ஏற்றி இறக்கும் டாக்கில் இன்ஜினை அணைக்காமல் காத்திருப்பது, பாம்பன் பாலத்து எதிர்காற்று என்று மைலேஜ் குறையக் காரணம் பல. ஆகவே முதல் மூன்று முறை ஃபுல் டேங்க் அடித்து, அடுத்த ஃபுல் டேங்க் வரை ஓடிய கிலோமீட்டரைக் குறித்து, அதன் சராசரியில்தான் மைலேஜை முடிவு செய்ய வேண்டும் என்று சேரும்போதே சொல்லிவிடுங்கள். நியாயமான வெண்டர் இதை மறுக்க மாட்டார்.

பொருள் குறைந்தால் யார் பொறுப்பு என்பதையும் அப்போதே கேளுங்கள். நீங்கள் எண்ணிப் பார்க்காத பைகளின் எண்ணிக்கைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். டிரிப் ஷீட்டில் (பயண விவரத் தாள்) சீல் எண்ணை எழுதி, கதவில் பூட்டிய சீலை எண் தெரிய போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்ததும், வெட்டுவதற்கு முன் இன்னொரு போட்டோ. இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்து, சீலும் சிதையாமல் இருந்தால், உள்ளே பை குறைந்ததை உங்கள் தலையில் கட்டுவது கடினம்.

20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பி.எஃப். உண்டு. 10 பேரோ அதற்கு மேலோ இருந்து, சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. உண்டு. பிடிக்கிறோம் என்று சொன்னால் யு.ஏ.என். எண்ணை (உங்கள் பி.எஃப். கணக்கு அடையாள எண்) கேட்டு வாங்கி, பணம் ஏறுகிறதா என்று மாதாமாதம் பாஸ்புக்கைப் பாருங்கள். நாலு வண்டி வைத்திருக்கும் சின்ன வெண்டரிடம் இவை இருக்காது. அங்கே வண்டி இன்சூரன்ஸ் பாலிசியில் 'பெய்டு டிரைவர்' (சம்பள ஓட்டுநருக்கான காப்பு) என்ற வரிக்குப் பிரீமியம் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்திலும் பதிந்து வையுங்கள்.

நேரம் பற்றிக் கண்டிப்பாக இருங்கள். 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்த அளவு நாளுக்கு 8 மணி நேரம். 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு. சென்னை – ராமநாதபுரம் சுமார் 550 கி.மீ. சராசரி 50-இல் ஓட்டினாலும் 11 மணி நேரம். ஒரே டிரைவர் போதும் என்பவரிடம் சேராதீர்கள். உடன் இன்னொருவரோ, திருச்சியில் மாற்று டிரைவரோ வேண்டும். ஒரிஜினல் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொள்பவரிடமும் வேண்டாம். நகல் கொடுத்தால் போதும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராத்திரி வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது? வேறு வண்டிக்கு லோடு மாற்றலாமா?
– வாசகர், தொண்டி

முதலில் ஹசார்டு லைட், பின்னால் தூரத்தில் முக்கோணம். சாலையோரம் மணலாக இருந்தால் லோடு வண்டியை முழுக்க இறக்காதீர்கள், ஒரு பக்கம் புதையும். அடுத்து வெண்டருக்கும் ஹப்புக்கும் லொகேஷன் அனுப்புங்கள். சொல்லாமல் நின்றால் ஜி.பி.எஸ். எச்சரிக்கை உங்கள் பெயரில்தான் பதிவாகும்.

ஹப்பின் எழுத்து அனுமதி வராமல் சீலை வெட்டாதீர்கள். அனுமதி வந்தால் பழைய சீல், லோடு மாற்றுவது, புதிய சீல் மூன்றையும் போட்டோ எடுத்து, புதிய எண்ணை டிரிப் ஷீட்டில் எழுதுங்கள். மாற்று வண்டி நகரும் முன் இ-வே பில்லின் (சரக்குக்கான ஜி.எஸ்.டி. பயணச் சீட்டு) பகுதி பி-யில் அதன் எண் ஏற வேண்டும். பழைய எண்ணோடு பிடிபட்டால் சரக்கும் வண்டியும் நிற்கும். வண்டி மாற்றியதால் பில் செல்லும் காலம் நீளாது. 200 கி.மீ.க்கு ஒரு நாள் கணக்கு. முடிய 8 மணி நேரம் இருக்கும்போதோ, முடிந்து 8 மணி நேரத்துக்குள்ளோ நீட்டிக்கச் சொல்லுங்கள்.

உப்புக் காற்றில் வண்டி சீக்கிரம் கெடுகிறது. எதைக் கவனிப்பது?
– வாசகர், மண்டபம்

பேட்டரி முனையில் பச்சைப் பூப்பு தெரிந்தால் நெகட்டிவை முதலில் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரில் கழுவி, காய்ந்த பின் வாசலின் தடவுங்கள். நெகட்டிவைக் கடைசியில் மாட்டுங்கள். எர்த் ஒயரின் அடிப்பக்கம், பின் லைட் ஹோல்டர், இரும்பு பிரேக் பைப் மூன்றும் அடுத்துப் போகும். வாரம் ஒருமுறை அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் அடியுங்கள். கிணற்று உப்புத் தண்ணீர் கெடுதல்தான் செய்யும். ஏர் பிரேக் உள்ள வண்டியில் ஏர் டேங்கிலிருந்து தினமும் தண்ணீர் திறந்துவிடுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன் ஒரு வேலை உண்டு. நல்ல வெயிலில் காலிக் கண்டெய்னருக்குள் ஏறி, வெளியே ஆள் நிற்க, கதவைச் சாத்தச் சொல்லுங்கள். ரிவெட் ஓரத்திலும் கூரை மூலையிலும் ஊசிமுனை வெளிச்சம் எங்கே தெரிகிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டு சீலன்ட் அடியுங்கள். நனைந்த பைக்கு வரும் பிடித்தத்தைவிட ஒரு டியூப் சீலன்ட் மலிவு.

தம்பி சொந்த வண்டி வாங்கி பார்சல் கம்பெனியில் வாடகைக்கு அட்டாச் செய்யப் போகிறான். சரியா?
– வாசகி, கீழக்கரை

திரும்பும் லோடை வைத்து முடிவெடுங்கள். நம் பக்கம் வரும் பார்சல் அதிகம், இங்கிருந்து போவது குறைவு. போகவும் வரவும் சேர்த்து வாடகை என்று ஒப்பந்தத்தில் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். பில் போட்டு எத்தனை நாளில் பணம் என்பதையும் கேட்கச் சொல்லுங்கள். 60 நாள் என்றால் இரண்டு மாதத்து டீசல், டிரைவர் சம்பளம், தவணை மூன்றுக்கும் கையில் பணம் இருக்க வேண்டும். பத்து வண்டிக்குள் வைத்திருப்பவர் பான் எண்ணோடு உறுதிமொழி கொடுத்தால் டி.டி.எஸ். (பில் தொகையில் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடிக்க மாட்டார்கள், முதல் பில்லுடனேயே கொடுத்துவிடச் சொல்லுங்கள்.