கணக்கு பிடிக்கும், எந்த இன்ஜினியரிங் எடுக்கலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

என் மகள் பிளஸ் டூ கணக்கில் சதம். கட்-ஆஃப் நன்றாக இருக்கிறதே என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கச் சொல்கிறார்கள். சரியா?
*ஒரு தந்தை, நாமக்கல்*

200-க்கான கட்-ஆஃபில் பாதி கணக்கிலிருந்துதான் வருகிறது. அதனால் கலந்தாய்வில் மகளுக்கு முன்வரிசை கிடைக்கும். ஆனால் எந்தப் பிரிவு என்பதை அந்த மதிப்பெண் சொல்லாது. எந்த மாதிரிக் கணக்கில் மனம் போகிறது என்று பாருங்கள். கீழே உள்ள இரண்டையும் அவரிடம் கொடுங்கள்.

ஒன்று: எந்த ஆறு பேரை ஓர் அறையில் உட்கார வைத்தாலும், ஒருவரையொருவர் அறிந்த மூவரோ, ஒருவரையொருவர் அறியாத மூவரோ அவர்களுக்குள் கட்டாயம் இருப்பார்கள். ஏன்?

இரண்டு: நேரான சுவர் கொண்ட தண்ணீர்த் தொட்டியின் அடியில் சின்னத் துளை. நிறைந்த தொட்டி முழுதும் காலியாக ஒரு மணி நேரம் ஆகிறது. பாதி காலியாக எவ்வளவு நேரம்? அரை மணி இல்லை, சுமார் 18 நிமிடம்தான். மட்டம் இறங்க இறங்க நீர் வெளியேறும் வேகமும் குறைவதால் முதல் பாதி சீக்கிரம் போய்விடுகிறது.

முதல் கணக்கை விடாமல் பிடித்துக்கொண்டால் கம்ப்யூட்டர் சயின்ஸ் அவருக்குப் பொருந்தும். அல்காரிதம் (கணினிக்கான படிப்படியான தீர்வு வழி), கிராஃப் தியரி (யாருக்கு யாரோடு தொடர்பு என்பது போன்ற இணைப்புகளின் கணக்கு), கிரிப்டோகிராஃபி (தகவலை ரகசியமாக்கும் கலை) எல்லாம் அந்த வழியில் வருபவை. இரண்டாவது இழுத்தால் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்), ட்ரிபிள் ஈ (எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ்), மெக்கானிக்கல், ஏரோநாட்டிக்கல் பக்கம் பாருங்கள். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: வழக்கமான சாஃப்ட்வேர் வேலைகள் பலவற்றில் கணக்குக்கு இடம் குறைவு. கணக்குக்காகவே சிஎஸ்இ சேர்பவர், அதில் எந்த மூலைக்குப் போகிறோம் என்று தெரிந்து சேர வேண்டும்.

இசிஇ-யா, ட்ரிபிள் ஈ-யா? எதில் கணக்கு அதிகம்?
*அரசுப் பள்ளி மாணவர், தென்காசி*

இரண்டிலும் உண்டு. ஒன்றைச் சொல் என்றால் இசிஇ என்பேன். நீங்கள் போனில் எடுக்கும் ஜேபெக் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். படம் 8×8 புள்ளிக் கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டமும் கொசைன் அலைகளின் கூட்டலாக மாற்றி எழுதப்படுகிறது. கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுண் அலைகளைத் தோராயமாக்கியோ விட்டோ விடுகிறார்கள். கோப்பு சுருங்கிவிடுகிறது, படம் கெடுவதில்லை. பள்ளியில் படித்த கொசைன்தான் அது! இரைச்சல் நிறைந்த ஒரு தகவல்தொடர்புத் தடத்தில் பிழையில்லாமல் எவ்வளவு தகவல் அனுப்பலாம் என்பதற்கு 1948-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் கணக்கால் எல்லை வகுத்தார். இன்றைய 5ஜி-யும் அந்த எல்லைக்குள்தான் இயங்குகிறது.

ட்ரிபிள் ஈ-யில் மின்கட்டமைப்பின் ஒவ்வொரு இடத்திலும் மின்னழுத்தம் என்ன என்று கண்டுபிடிக்க, ஏராளமான சமன்பாடுகளை நியூட்டன்-ராப்சன் முறையில் (ஒரு தோராய விடையில் தொடங்கி, படிப்படியாகத் திருத்தி நெருங்கும் முறை) ஒன்றாகத் தீர்க்கிறார்கள். இயந்திரங்கள் தாமே தம்மைச் சரிசெய்துகொண்டு இயங்க வைக்கும் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடமும் அழகானது. முடிவெடுக்கும் முன், எந்தக் கல்லூரியானாலும் நான்காம், ஐந்தாம் செமஸ்டர் பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள். முதலாண்டுக் கணக்கு எல்லாப் பிரிவுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் அதற்கு அப்புறம்தான் தெரியும்.

கணக்கு உயிர். இயற்பியல் வேப்பங்காய்.
*மாணவி, விருதுநகர்*

அப்படியென்றால் சர்க்யூட், இயந்திரம் பக்கம் வேண்டாம். சிஎஸ்இ, டேட்டா சயின்ஸ், புள்ளியியல் மூன்றில் ஒன்று.

எனக்குக் கணக்கு மட்டுமே படிக்க ஆசை. வீட்டில் இன்ஜினியரிங்தான் என்கிறார்கள்.
*மாணவர், காரைக்குடி*

வீட்டாரின் கவலை வேலையைப் பற்றியது. அதில் தப்பில்லை. ஆனால் இரண்டுக்கும் நடுவில் நல்ல வழிகள் இருக்கின்றன, பலருக்கு அது தெரியாமலே போய்விடுகிறது என்பதுதான் என் வருத்தம். சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகத்தில் கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பி.எஸ்சி. ஆனர்ஸ் உண்டு. அதற்குத் தனி நுழைவுத்தேர்வு. விடையைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது, நிரூபணம் எழுத வேண்டும். பிளஸ் டூ ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்தால் விண்ணப்பத் தேதி போய்விடும். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் தியரிட்டிக்கல் கம்ப்யூட்டர் சயின்ஸ் (கணினி அறிவியலின் கணித அடிப்படை) ஐந்தாண்டு எம்.எஸ்சி. இருக்கிறது. இன்ஜினியரிங் கல்லூரி என்பதால் வீட்டில் பேசவும் எளிது. இந்தியப் புள்ளியியல் கழகம் கொல்கத்தாவில் பி.ஸ்டாட் (புள்ளியியல் இளநிலை), பெங்களூருவில் பி.மேத் (கணித இளநிலை) நடத்துகிறது.

சிவில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கணக்கை விட்டு வந்துவிட்டோமே என்று இருக்கிறது. இனி வழி உண்டா?
*மாணவர், தஞ்சாவூர்*

உண்டு. முதலில், சிவிலிலேயே கணக்கு இருக்கிறது. ஒரு பல மாடிக் கட்டடம் காற்றுக்கு எவ்வளவு வளையும் என்பதை இன்று பெரிய மேட்ரிக்ஸ் சமன்பாடுகளாகத்தான் தீர்க்கிறார்கள். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிங், ஃபைனைட் எலிமென்ட் முறை (அமைப்பைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறை) இரண்டையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அது போதவில்லை என்றால் மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வு. மூன்றாம் ஆண்டிலிருந்தே எழுதலாம். கணிதத் தாள் தனியாக உண்டு, ஆனால் அதில் அல்ஜீப்ரா, டோபாலஜி (வடிவங்களை வளைத்தாலும் நீட்டினாலும் மாறாத பண்புகளைப் படிப்பது) என்று எம்.எஸ்சி. அளவுக்குக் கேட்பார்கள். 2024 முதல் நடக்கும் டேட்டா சயின்ஸ் தாள் உங்களுக்குக் கைக்கெட்டும் தூரம். நிகழ்தகவு, லீனியர் அல்ஜீப்ரா, கால்குலஸ், புரோகிராமிங் ஆகியவை அதில் முக்கியம். இந்த விடுமுறையில் லீனியர் அல்ஜீப்ராவிலிருந்து தொடங்குங்கள். அரியர் ஏதாவது இருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள்.