ரேட்டிங் போட்டது யார், எதை வைத்து?

கேள்வி: மேனேஜரோடு டீ குடிக்கப் போகிறவர்களுக்கே நல்ல ரேட்டிங். எனக்கு வருடா வருடம் ‘சராசரி’தான்.
(ஷூ தொழிற்சாலை சூப்பர்வைசர், ஆம்பூர்)

பாரபட்சம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் செய்த வேலை டீக்கடைப் பேச்சில் மேனேஜர் காதில் விழுகிறது, உங்களுடையது விழவில்லை. மார்ச்சில் ரேட்டிங் போடுகிறவருக்கு ஜனவரி, பிப்ரவரிதான் நினைவிருக்கும். ஜூலையில் ஏற்றுமதி ஆர்டருக்காக ஞாயிற்றுக்கிழமையும் வந்தீர்களே, அது மறந்திருக்கும். நானும் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் ரேட்டிங் போட்டவன்தான். முதல் வருடம் 18 பேருக்கும் ஒரே மாலையில் போட்டு முடித்தேன். ஏன் இந்த மார்க் என்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன். யாரும் கேட்கவில்லை! ஒரு நோட்டு போடுங்கள். ஷிஃப்டுக்கு எத்தனை ஜோடி, ரிஜெக்ட் எத்தனை, ஆள் வராத அன்று லைனை எப்படி ஓட்டினீர்கள் என்று வாரம் இரண்டு வரி போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை மேனேஜரிடம் காட்டுங்கள். அப்புறம் டீயும் குடிக்கலாம், தப்பில்லை.

கேள்வி: எட்டுப் பேரும் டார்கெட்டை முடித்தோம். ஆனாலும் ஒருவரைக் கீழே தள்ளியே ஆக வேண்டுமாம்.
(சிப்காட், ராணிப்பேட்டை)

இது பெல் கர்வ்: சிலர் மேலே, பெரும்பாலோர் நடுவில், சிலர் கீழே என்று மணி வடிவ வளைவுக்குள் ரேட்டிங்கை அடைப்பது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத் தலைவராக இருந்த ஜேக் வெல்ச், மேலே 20, நடுவில் 70, கீழே 10 சதவீதம் என்று ஆட்களைப் பிரித்தது உலகமெல்லாம் பரவியது. இதுபோன்ற முறையை மைக்ரோசாஃப்ட் 2013இல் கைவிட்டது. ஆயிரம் பேரில் அந்த வளைவு வரலாம். எட்டுப் பேரில் தேடுவது அபத்தம். எந்த அளவுகோலில் பின்தங்கினேன் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் வராவிட்டாலும், கேட்டது பதிவில் இருக்கும்.

கேள்வி: மேலதிகாரி என் வேலையைப் பற்றி எழுதும் ரகசியக் குறிப்பேட்டை இதுவரை கண்ணால் பார்த்ததில்லை.
(அரசு ஊழியர், வேலூர்)

தேவ் தத் என்ற அரசு ஊழியரின் வழக்கில் 2008இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: மோசமான குறிப்பை மட்டுமல்ல, ‘நன்று’ என்று எழுதியிருந்தாலும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும். தேவ் தத்தின் பதவி உயர்வு தடைப்பட்டதே அந்த ‘நன்று’ ஒன்றால்தான். ‘மிக நன்று’ தேவைப்பட்டது. 2013இல் சுக்தேவ் சிங் வழக்கிலும் இதே நிலைப்பாடுதான். எழுத்தில் கேளுங்கள், தேதியோடு.

கேள்வி: சம்பளம் கூடியும் மனசு ஒட்டவில்லை. சென்னைக்கு மாறிவிடவா?
(குடியாத்தம்)

சம்பளம் குறைந்தால் முணுமுணுப்போம், கூடியதால் மட்டும் வேலை இனிக்காது. உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் 1959இல் சொன்னது இது. முதலில் வேறு பிரிவு கேட்டுப் பாருங்கள். மாறுவதென்றால், அங்கே வீட்டு வாடகை எவ்வளவு, வாரக் கடைசியில் காட்பாடிக்கு ரயிலேறி வர எவ்வளவு என்று இப்போதே எழுதிக் கழித்துப் பாருங்கள்.