மேட்டர்ஹார்ன்: கயிறு ஏன் அறுந்தது?

அன்புள்ள ஐயா,

சுவிஸ்-இத்தாலி எல்லையில் உள்ள மேட்டர்ஹார்ன் மலையின் முதல் ஏற்றத்தில் நால்வர் இறந்ததை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். வழிகாட்டிகளில் ஒருவரான பெரிய டவுக்வால்டர் தன் உயிரைக் காக்கக் கயிற்றைக் கத்தியால் அறுத்தார் என்கிறார்களே, உண்மையா? நல்ல கயிறாக இருந்திருந்தால் பிழைத்திருப்பார்களா?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

அறுக்கவில்லை. மலையடிவார ஊரான செர்மாட்டில் நடந்த விசாரணையும் அவரைக் குற்றமற்றவர் என்றே விடுவித்தது.

1865 ஜூலை 14. உச்சியிலிருந்து இறங்கும்போது எழுவரும் ஒரே வரிசையாகக் கயிற்றால் பிணைக்கப்பட்டிருந்தார்கள், கீழிருந்து மேலாக: குரோ, ஹேடோ, ஹட்சன், டக்ளஸ், பெரிய டவுக்வால்டர், விம்பர், பெரியவரின் மகன் சின்ன டவுக்வால்டர். ஹேடோவுக்கு வயது 19, பழக்கம் போதாது. வழிகாட்டி குரோ பனிக்கோடரியைக் கீழே வைத்துவிட்டு, ஹேடோவின் பாதங்களைக் கையால் பிடித்து ஒவ்வொன்றாகப் பாறையில் பதித்துக்கொண்டிருந்தார். அடுத்த அடி இறங்க குரோ திரும்பியபோது ஹேடோ வழுக்கி அவர்மேல் விழுந்தார். ஹட்சனும் டக்ளசும் சேர்ந்து இழுபட்டார்கள். மேலிருந்த மூவர் காலூன்றி நின்றார்கள். டக்ளசுக்கும் பெரிய டவுக்வால்டருக்கும் இடையே கயிறு அந்தரத்தில் அறுந்தது.

கேட்க வேண்டியது, அங்கே அந்தக் கயிறு எப்படி வந்தது என்பதுதான். கொண்டுபோனவை மூன்று வகை: 200 அடி மணிலா நார்க் கயிறு, அதைவிடத் தடித்த 150 அடிக் கயிறு, 200 அடிக்கு மேல் மெல்லிய பழைய ரகம். மெல்லியது ஆளைத் தாங்க அல்ல. தேவைப்பட்டால் பாறையில் கட்டி அங்கேயே விட்டுவர. அதுதான் அந்த இருவருக்கும் நடுவில் இருந்தது. 250 அடிக்கு மேல் நல்ல கயிறு சும்மா கிடந்தது. இந்தக் கயிறு விஷயத்தில் விம்பர் பிறகு பெரிய டவுக்வால்டரைச் சந்தேகித்து எழுதினார். எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. ஆட்களை வரிசைப்படுத்தியபோது விம்பர் உச்சியைப் படம் வரைந்துகொண்டிருந்தார். கட்டிய கயிற்றை அவரும் சோதிக்கவில்லை.

இரண்டாவது கேள்விக்கு உறுதியான பதில் இல்லை. அக்காலக் கயிறு அதிகம் நீண்டு கொடுக்காது. விழுபவரின் வேகம் முழுவதும் ஒரே வெட்டிழுப்பாகக் கயிற்றில் இறங்கும். இன்றைய நைலான் கயிறு நீண்டு அந்த அதிர்வைக் குறைக்கும். ஆனால் ஏழு பேரில் ஒருவர்கூடப் பாறையோடு கட்டப்படவில்லை. அப்படியிருக்க, பலமான கயிறு நால்வரைக் காப்பாற்றியிருக்கலாம், எழுவரையும் இழுத்துக்கொண்டு போயிருக்கவும் கூடும்.

கடினமான இடத்தில் பாறையில் ஒரு கயிற்றைக் கட்டி, அதைப் பிடித்து இறங்கலாம் என்று விம்பர் உச்சியிலேயே ஹட்சனிடம் சொன்னார். ஹட்சனும் சரி என்றார், ஆனால் முடிவாகவில்லை. இன்று, அவர்கள் ஏறிய ஹோர்ன்லி முகட்டின் மேல்பகுதியில் தடித்த கயிறுகள் நிரந்தரமாகக் கட்டப்பட்டிருக்கின்றன. வழிகாட்டி ஒருவர், கூட ஒரே ஒருவர். கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, பாறை முனையிலோ இரும்புக் கம்பியிலோ சுற்றிக்கொண்டே ஏறுகிறார்கள். இறங்குவதும் அப்படித்தான்.