திக்குவாய்க்குப் பயம்தான் காரணமா? மூளையில் நடப்பது என்ன?

ஐந்து வயது மகன் கடலலையைக் கண்டு மிரண்ட பிறகே திக்கத் தொடங்கினான் என வீட்டுப் பெரியவர்கள் சொல்வதாகவும், அது பயத்தின் விளைவா, மூளைக் கோளாறா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சிறுவயது முதல் திக்கிப் பேசுபவன் நான். பயம் திக்கலை அதிகமாக்கும். ஆனால் அதன் வேர் பயமல்ல என்பதை உறுதியாகச் சொல்வேன்.

பேசும்போது இடப்பக்க மூளையின் முன்பகுதி ஒலிகளைத் திட்டமிடுகிறது. செவிப்புலப் பகுதி நம் குரலையே கேட்டுச் சரிபார்க்கிறது. மூளையின் ஆழத்தில் உள்ள அடித்தள முடிச்சுகள் அடுத்த ஒலி எப்போது தொடங்க வேண்டும் என்ற சைகையைத் தருகின்றன. 1996-இல் வெளிவந்த மூளைப் படப்பிடிப்பு ஆய்வில், திக்கும் நேரத்தில் வலப்பக்க இயக்கப் பகுதிகள் அளவுக்கு மீறி இயங்கியதும், இடப்பக்கச் செவிப்புலப் பகுதி மங்கியிருந்ததும் தெரிந்தன. பேச்சுப் பகுதிகளை இணைக்கும் இடப்பக்க நரம்பிழைகள் சிலவற்றில் கட்டமைப்பு வேறுபாடு இருப்பதை 2002-இல் மற்றோர் ஆய்வு காட்டியது. அறிவுத்திறனுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

அதே 1996 ஆய்வில், பிறரோடு சேர்ந்து வாசித்தபோது திக்கல் நின்றதோடு, அந்த மிகை இயக்கமும் பெரும்பாலும் அடங்கியது. இதைப் படித்தபோது, தங்கச்சிமடத்தில் நாங்கள் சொல்லும் செபமாலைக்கு எனக்கு விளக்கம் கிடைத்தது. அதில் திரும்பத் திரும்ப வரும் செபத்தின் முன்பாதியைத் தனியாகச் சொல்லும் முறை வந்தால் ‘அருள் நிறைந்த’ என்பதன் முதல் எழுத்திலேயே நின்றுவிடும் என் நாக்கு, எல்லோரும் சேர்ந்து சொல்லும் பின்பாதியில் தடையே இல்லாமல் ஓடும். சுற்றியுள்ள குரல்கள், மூளை உள்ளிருந்து தரத் தடுமாறும் காலச் சைகையை வெளியிலிருந்து தருகின்றன என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். கரைவலை இழுப்போரின் பாட்டில் சேர்ந்து பாடும்போதும் நான் திக்கியதில்லை. கூட்டத்தின் நடுவே பயம் குறைந்ததால்தான் என்பது போதாத பதில். வீட்டில் தனியாகப் பாடும்போதும் எனக்குத் திக்குவதில்லை.

மரபணுவுக்கும் இதில் பங்குண்டு. திக்கலோடு தொடர்புடைய மரபணு மாற்றங்கள் 2010-இல் கண்டறியப்பட்டன. ஆகவே நாக்கில் வசம்பு உரைத்துத் தடவுவதில் பயனில்லை, குறை நாக்கில் இல்லை. சுமார் 5 விழுக்காடு குழந்தைகளுக்குத் திக்கல் வருகிறது. அவர்களில் பெரும்பாலோர் தாமாகவே மீள்கிறார்கள். ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, குடும்பத்தில் வேறு எவருக்கேனும் இருந்தாலோ, காத்திருக்காமல் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். அதுவரை அவன் வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காமல், முகம் பார்த்து, சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள்.